மருந்தும் அரசும்

பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒருநாள், காய்ச்சலுக்கு எடுக்கும் மருந்தின் பெயர் யாது என்று வினவினோம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "பனடோல்" என்றது. பனடோல் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு இட்ட பெயர், மருந்தின் பெயர் பரசிற்றமோல் என்று நாம் விளக்கியபோது பலர் நம்ப மறுத்தனர். ஒரு மாணவன் மாத்திரம் எழுந்து, தன் தாயார் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் குளிசை "வெறும் பரசிற்றமோல்" என்றும், அது பனடோலைப்போல வேலை செய்யாது என்றும் கூறினான். இலக்கணம் கற்பிக்கும் நாம் இதனை ஆகுபெயரென்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றிருக்கலாம். ஆயினும் 'வெறும்' என்ற அந்த அடைமொழி எம்மை உறுத்திக்கொண்டேயிருந்தது. ஒரே மருந்து, ஒன்றுக்கு மதிப்பு, மற்றொன்றுக்கு இளக்காரம். விலை கொடுத்து வாங்கியது நல்லது, அரசு தருவது மட்டமானது என்ற எண்ணம் எமது பிள்ளைகளின் உள்ளத்தில் எவ்வாறு வேரூன்றியது? இதற்கு விடை தேடப் புகுவோமாயின், இந்நாட்டில் மருந்தை யார் தெரிவது, யார் வாங்குவது, யார் பரிசோதிப்பது என்பவற்றைக் குறித்து நடந்த ஒரு நீண்ட போராட்டத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. பசியால் நலிந்திருந்த விவசாயக் குடும்பங்களே பெரும்பாலும் மாண்டன. அக்காலத்தில் கிராமங்களுக்குள் புகுந்து நிவாரணப் பணி செய்த இளைஞரே பின்னர் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தலைவர்களாயினர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுள் ஒருவர். பருப்புப் பங்கிட்டதனால் 'பருப்பு மாத்தையா' என்று மக்களால் அழைக்கப்பட்ட என். எம். பெரேரா மற்றொருவர். நோயும் வறுமையும் ஒரே வேரில் முளைப்பவை என்ற பாடத்தை அவர்கள் நூல்களிற் கற்கவில்லை. இறந்தோர் வீட்டு வாசல்களிலே கற்றனர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டு இலவச வைத்தியம் நிலைபெற்றதற்கு அந்த அனுபவமும், சர்வசன வாக்குரிமை தந்த பலமும் பின்னணியாக அமைந்தன.

வைத்தியம் இலவசமாயிற்று. மருந்தோ, கடல் கடந்து வரும் வியாபாரச் சரக்காகவே இருந்தது. அரசு தன் வைத்தியசாலைகளுக்கு ஒருபுறம் வாங்கியது; தனியார் இறக்குமதியாளர் மறுபுறம் ஒரே மருந்தைப் பத்துப் பெயர்களிற் கொண்டுவந்து பத்து விலைகளில் விற்றனர். கம்பெனிகளின் பிரதிநிதிகள் தோற்பையும் மாதிரிக் குளிசைகளுமாக வைத்தியர்களின் வாசலில் காத்துநின்றனர். எந்த மருந்து எந்த நோய்க்கு ஏற்றதென்ற அறிவு வைத்தியருக்கே, அதனை விற்பவனிடமிருந்து கிடைத்துவந்தது என்பதை எண்ணும்போது நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இந்நிலையிலேதான் பேராசிரியர் சேனக பிபிலே அரங்கிற்கு வருகிறார். 1920இல் பிறந்தவர், எடின்பரோவிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியர், பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். 1950களின் இறுதியில் அரசாங்க வைத்தியசாலைகளுக்கென ஒரு மருந்துப் பட்டியலை வகுக்கும் பணியில் அவர் முன்னின்றார். தேவையான மருந்துகள் மட்டும், அவற்றின் மூலப்பெயரில், பட்டியலில் இடம்பெற்றன. எம் மாணவன் கூறிய 'வெறும் பரசிற்றமோல்' அந்த வழியில் வந்ததே. அது வெறுமையின் அடையாளமன்று. கம்பெனியின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு மருந்தை மருந்தாகவே பார்க்கும் துணிவின் அடையாளம்.

1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டில் பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராயிருந்த டாக்டர் விக்கிரமசிங்கவும் சேர்ந்து இலங்கையின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தனர். அதன் விளைவாக 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதன் முதலாவது தலைவராகப் பிபிலே நியமனம் பெற்றார். இன்று 'ஒசுசல' என்ற பெயர்ப்பலகையில் நாம் காணும் நிறுவனம் அதுவே.

அவ்வறிக்கையின் சிறப்பை ஒரு விடயத்திலே காண்கிறோம். மருந்தின் விலையும் மருந்தின் தரமும் இரண்டு வேறு பிரச்சினைகள் என்று அதுவரை கருதப்பட்டது. விலையைத் திறைசேரி கவனிக்கும்; தரத்தை வைத்தியர் கவனிப்பர். பிபிலேயோ இரண்டும் ஒன்றே என்றார். எதனை வாங்குவதென்று தெரிபவர்கள் மருந்தியல் அறிந்தோராயும், வாங்குவோர் உலகச் சந்தையிற் பகிரங்கக் கேள்விப்பத்திரம் கோருவோராயும், வந்ததைப் பரிசோதிப்போர் விற்பவனுக்குக் கடமைப்படாதோராயும், வைத்தியருக்கு அறிவு புகட்டுவது கம்பெனியின் விளம்பரத்துக்குப் பதிலாகப் பக்கச்சார்பற்ற வெளியீடாயும் இருத்தல் வேண்டும் என்பதே அவரது திட்டம். இவற்றுள் ஒன்று கழன்றாலும் மற்றவை நிற்கா.

திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தனியார் சந்தைக்கென இறக்குமதியான மருந்துகளின் எண்ணிக்கை 2,100 அளவிலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. பின்னர் இறக்குமதியே கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. உள்நாட்டில் மருந்து செய்த பல்தேசியக் கம்பெனிகள் தம் தாய்க் கம்பெனிகளிடமிருந்து கொள்ளைவிலைக்கு வாங்கிவந்த மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே மலிவான இடத்திலிருந்து தருவிக்கத் தொடங்கியது. தாய்க் கம்பெனி விதித்த விலை உலகச் சந்தை விலையிலும் பன்மடங்காக இருந்தமை அப்போதுதான் வெளிப்பட்டது. இலாபத்தை இந்நாட்டிற் காட்டாது மூலப்பொருளின் விலைக்குள் ஒளித்து வெளியே கொண்டுசெல்லும் தந்திரம் அது. சுரண்டலைப் பற்றி நாம் மேடைகளிற் பேசுவதிலும், இத்தகைய ஒரு விலைப்பட்டியலை மாணவர் முன் விரித்துவைப்பது அதிகம் பயன் தரும் என்பது எமது எண்ணம்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. மூலப்பெயரில் வரும் மருந்து தரமற்றதென்ற பிரசாரம் கிளம்பியது. தனியார் வைத்தியர் பலரும் அதற்குத் துணைபோயினர். அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கே கடிதம் எழுதினார். மோதல் உச்சமடைந்தது 1974இல். கொலரா நோய் பரவிய வேளையில் டெட்ராசைக்ளின் மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் மேற்கு ஜேர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனியிடமிருந்து தருவித்த மூலப்பொருளைக் கூட்டுக்குளிசையாக ஆக்கித்தருமாறு உள்நாட்டில் இயங்கிய பைசர் கம்பெனியைக் கேட்டது. பைசர் செய்து கொடுக்கவில்லை. நோயாளர் காத்திருக்க, ஆயத்தமான மருந்தைப் பெருஞ்செலவில் விமானமூலம் இறக்க வேண்டியதாயிற்று. அக்கம்பெனியின் தொழிற்சாலையைத் தேசியமயமாக்க வேண்டுமென்ற யோசனை அரசாங்கத்துள் எழுந்தது. அமெரிக்கத் தூதர் பிரதமரிடம் நேரடியாகத் தலையிட்டார், யோசனை கைவிடப்பட்டது. இவற்றையெல்லாம் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்தெழுதி 1977இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை பதிவுசெய்துள்ளது. தட்டுப்பாடு ஓர் ஆயுதமாகப் பயன்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்பெனிகளை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. கூட்டுத்தாபனம் தோன்றிய அதே 1971இல், அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் அதே 'பருப்பு மாத்தையா' தான். இருபத்தைந்து சதந்தானே என்று கொழும்பில் எண்ணியிருப்பர். வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியை நாம் மறக்கவில்லை. எனினும் கம்பெனியிடமிருந்து மீட்ட பணத்தின் ஒரு பகுதியை ஏழை நோயாளியிடமிருந்து திரும்ப எடுத்த முரண்பாட்டைச் சுட்டாது விடுவது இடதுசாரி வாசகருக்கு நேர்மையான செயலாகாது.

1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலே ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பின் பணிக்குச் சென்றார். 1977 யூலையில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கூட்டுத்தாபனத்தின் இறக்குமதி ஏகபோகம் போயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி, கயானா நாட்டில் பணியிலிருந்தபோது பிபிலே காலமானார். அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இலங்கை நடைமுறைப்படுத்திய கருத்து உலகக் கருத்தாக மாறிய ஆண்டில், இலங்கை அதனைக் கைவிட்டது. 1982இல் பங்களாதேசம் தனது மருந்துக் கொள்கையை வகுத்தபோது இதே பாதையில் துணிந்து நடந்தது.

பின்னர் கழிந்த ஆண்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1980இல் ஒரு சட்டம். 1987இல் இரத்மலானையில் ஜப்பானிய உதவியுடன் அரசாங்க மருந்து உற்பத்தித் தொழிற்சாலை. ஆனால் ஒன்றை மட்டும் கூறியே ஆகவேண்டும். 1990களில் வடக்கிற்குச் செல்லும் பொருட்கள்மீது அரசு விதித்த தடை மருந்துகளையும் விட்டுவைக்கவில்லை. வாங்கும் உரிமையும் அனுப்பும் உரிமையும் அரசிடம் இருந்தாற் போதும் என்று நம்புவோர் அந்த ஆண்டுகளை நினைவுகூர வேண்டும். அரசு யாருக்குப் பதில் சொல்கிறது என்ற வினாவுக்கு விடை காணாமல் அரசின் கண்காணிப்பை வாயாரப் புகழ்வது பேதைமை.

2005இல் அமைச்சரவை ஏற்ற தேசிய மருந்துக் கொள்கை சட்டமாவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பிறந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டபோது, பிபிலேயின் கனவு நனவாயிற்று என்று பலர் எழுதினர். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அச்சட்டத்தில் ஒரு சிறு வாசல் இருந்தது. விசேட சந்தர்ப்பங்களிற் பதிவு செய்யப்படாத மருந்தையும் அனுமதிக்கலாம் என்பதே அது. கொள்ளைநோய்க் காலத்தில் அத்தகைய வாசல் தேவைதான். அதன் திறவுகோல் எவர் கையில் இருந்தது என்பதையே பின்னர் நடந்தவை காட்டின.

2022 மார்ச்சில், பிபிலே பீடாதிபதியாக இருந்த அதே பேராதனையில், போதனா வைத்தியசாலை மருந்தின்மையால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்பிரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. தேவையான மருந்தில் எண்பது வீதத்துக்கும் அதிகமானதை வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. தட்டுப்பாடு மெய்யானது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் தட்டுப்பாட்டின் பெயரால் பதிவு விலக்கு வழமையாயிற்று. கேள்விப்பத்திரம் இன்றி அவசரக் கொள்வனவுகள் நடந்தன. 1974இல் கம்பெனியின் மறுப்பால் விளைந்த தட்டுப்பாடு கருவூலத்தை வெறிதாக்கியது. 2022இல் வந்த தட்டுப்பாடு பரிசோதனைக் கதவைத் திறந்துவிட்டது. 2023 ஏப்பிரலில் நுவரெலியா வைத்தியசாலையிற் கண்சத்திரசிகிச்சை பெற்றவர்கள் சிலர், இறக்குமதியான கண்துளி மருந்தின் பின் பார்வைப் பாதிப்புக்கு உள்ளாயினர். அவ்வாண்டிலேயே, அவசரக் கொள்வனவில் வாங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரந்தவறியதெனக் கண்டறியப்பட்டது. கண்டுபிடித்தது துறைமுகத்திலோ களஞ்சியத்திலோ அன்று. வைத்தியசாலைகளிலிருந்து முறைப்பாடு வந்த பின்னரே, அதாவது மருந்து நோயாளியின் நரம்பில் ஏறிய பின்னரே, மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குச் சென்றன.

2023 செப்டெம்பரிற் சுகாதார அமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை பாராளுமன்றத்தில் வந்தது. ஆதரவாக 73 பேரும் எதிராக 113 பேரும் வாக்களித்தனர். அடுத்த மாதங்களில் அமைச்சின் உயர் அதிகாரிகள் கைதாயினர். 2024 பெப்ருவரியில் அந்த அமைச்சரும் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையதென்று கூற வேண்டியது நீதிமன்றம். அந்த 113 கைகளும் உயர்ந்த நாளில், எம் மாணவனின் தாயார் வழக்கம்போல அதிகாலையில் எழுந்து, தன் வைத்தியசாலை அட்டையுடன் வெளிநோயாளர் பிரிவின் வரிசையிற் சென்று நின்றிருப்பார்.