கூடைப்பந்தின் குருமார்

ஐக்கிய அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டமே ஊர்ப் பேச்சாகிவிடும். அப்பேச்சு எங்கே தொடங்கினாலும் ஈற்றில் ஒரு வழக்கில் வந்து நிற்பது இயல்பு. ஆடவர் அணிகளைப் பயிற்றிய ஆசான்களுள் தலையாயவர் யார் என்பதே அவ்வழக்கு.

ஜோன் வூடன் என்று சொல்வோர் பலர். பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் அவர். 1948ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் அணியைப் பொறுப்பேற்றார். முதற் பதினைந்து ஆண்டுகளில் தேசியக் கிண்ணம் ஒன்றேனும் அவர் கைக்கு வரவில்லை. 1964இல் முதலாவது வந்தது. 1975இல் அவர் ஓய்வுபெற்றபோது பத்து இருந்தன. அவற்றுள் ஏழு, 1967 முதல் 1973 வரை இடையறாது வந்தவை. இடையிலே 88 ஆட்டங்களை அவருடைய அணி தொடர்ந்து வென்றது. இத்தகையவர் ஆண்டுதோறும் புதிய மாணாக்கருக்குச் சொன்ன முதற் பாடம் யாது? காலுறையைச் சுருக்கமின்றி இழுத்துவிடுவதும், சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டுவதுமே. காலுறை சுருங்கினால் கால் கொப்புளிக்கும்; கொப்புளித்த காலோடு ஓடுபவன் பிந்துவான். வகுப்பறையிற் பழகியவர்களுக்கே வாய்க்கும் பிடிவாதம் இது.

எதிர்த் தரப்பார் மைக் ஷிஷெவ்ஸ்கியை முன்னிறுத்துவர். இராணுவக் கல்லூரியிலும், பின்னர் 1980 முதல் 2022 வரை டியூக் பல்கலைக்கழகத்திலுமாக 47 பருவங்கள் பயிற்றியவர். 1202 வெற்றிகளும் ஐந்து தேசியக் கிண்ணங்களும் பெற்றவர். 1964இல் வூடனின் அணி நான்கு ஆட்டங்களை வென்று கிண்ணத்தை எடுத்தது. 1985இன் பின்னரோ ஆறு ஆட்டங்களை வென்றாக வேண்டும். ஆதலால் ஒரு கிண்ணத்தை மற்றொன்றோடு அப்படியே ஒப்பிடுதல் தகாது என்பது இவர்கள் வாதம். அது நியாயமான வாதமே. ஆயினும் ஏழு ஆண்டுகள் ஒரு முறையேனும் இடறாமல் நின்றதை அது முற்றாகக் குறைத்துவிடாது.

எண்ணிக்கையே அளவுகோல் என்றால், இந்த ஆட்டத்தைப் படைத்தவருக்கே வரிசையில் இடமில்லாது போகும். 1891 டிசம்பரில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கு அணியையும் நடத்தினார். வெற்றி 55, தோல்வி 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர்களுள் வெற்றியினும் தோல்வி மிகுதியாய்ப் பெற்றவர் அவர் ஒருவரே! இது விளையாடுவதற்கான ஆட்டம், பயிற்றுவதற்கானதன்று என்று அவர் தம் மாணவர் பொறஸ்ற் அலனிடம் கூறியதாகச் சொல்வர். அலன் அதைக் கேட்கவில்லை. பயிற்றுநராகி, 1936இன் பேர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்வதற்கும் உழைத்தார். அலனிடம் பயின்ற அடொல்ப் ரப் கென்ரக்கியில் 876 வெற்றிகளையும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 வெற்றிகளையும் ஈட்டினர். தோற்ற குருவின் வழியிலே இத்தனை வெற்றி!

நெய்ஸ்மித்தின் மாணவர் இன்னொருவரும் உண்டு. ஜோன் மக்லெண்டன் 1933இல் கன்சாசுக்கு வந்தார். கறுப்பினத்தவர் என்பதால் அணியில் ஆட அவருக்கு இடமில்லை. வழிகாட்டியாய் நின்று கற்பித்தவர் நெய்ஸ்மித். பின்னர் வட கரோலினாவில் கறுப்பின மாணவர் கல்லூரி ஒன்றைப் பயிற்றி, விரைந்தோடித் தாக்கும் ஆட்டமுறையை அவர் வளர்த்தார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, ஊரார் தேவாலயத்தில் இருந்த வேளை, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி மறைவாக அவருடைய களத்துக்கு வந்தது. அத்தகைய ஆட்டம் அன்று அம்மாநிலத்தில் தடைப்பட்டிருந்தது. கதவுகள் பூட்டப்பட்டன. மக்லெண்டனின் அணி 88க்கு 44 என வென்றது. எந்தப் பத்திரிகையும் மறுநாள் அதை எழுதவில்லை.

இந்த நிறத்தடையை வைத்தே மற்றவர்களையும் நோக்குதல் வேண்டும். 1947இல், இந்தியானாவில் ஒரு கல்லூரியைப் பயிற்றிய வூடன், தம் அணியின் கறுப்பின மாணவர் ஒருவருக்கு அனுமதியில்லை என்றதும் தேசியப் போட்டியின் அழைப்பையே மறுத்தார். அம்மாணவர் அங்கு ஓரத்தில் இருந்து வாய்ப்புக்குக் காத்திருந்த ஆட்டக்காரரே. மறுவருடம் தடை நீங்கிய பின்னரே அணி சென்றது. ரப்பின் கணக்கு வேறு. 1966 இறுதியாட்டத்தில் முழுதும் வெள்ளையரான அவருடைய அணியை, ஐந்து கறுப்பின வீரருடன் களமிறங்கிய ரெக்சஸ் வெஸ்ரேர்ண் அணி 72க்கு 65 என வீழ்த்தியது. அதன் பின்னும் தம் முதலாவது கறுப்பின மாணவரை ரப் சேர்த்தது 1969இலேதான். 876 என்ற எண்ணை வாசிப்பவர், அவர் யாரைச் சேர்க்காமல் விட்டார் என்பதையும் உடன் வாசித்தல் வேண்டும்.

மக்லெண்டன் 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் சிறு கல்லூரிகளின் தேசியக் கிண்ணத்தை ரெனசியின் கறுப்பினக் கல்லூரிக்குப் பெற்றுக் கொடுத்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் போட்டியில் தம் திறத்தைக் காட்டும் வாய்ப்பு அந்நாட்களில் அவருக்கு இல்லை. ஆகவே வூடனையும் ஷிஷெவ்ஸ்கியையும் வைத்து நடக்கும் வழக்கில் அவருடைய பெயர் எழுவது அரிது. நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அமைந்த புகழ்மண்டபம் 1979இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர் என்ற வரிசையில். பயிற்றுநர் என்ற வரிசையில் அவரைச் சேர்த்தது 2016ஆம் ஆண்டில். அவர் இறந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.