வெள்ளைக்கல்லும் ஒரு பழைய கடலும்

ஓமலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வெள்ளைக்கல் தெரியாமல் இருக்காது. சேலத்திலிருந்து பெங்களூர் ரோட்டில் வரும்போது, கருப்பூர் பக்கத்தில் வெளிறிக் கிடக்கும் குன்றுகள். வெள்ளக்கல்பட்டி என்று ஒரு ஊரே உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்தக் குன்றுகளுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அங்கே சாக்கும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. அது மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மேக்னீசியப் பாறை, கரியமில வாயு கலந்த நீரோடு வினைபுரிந்து வெளுத்துப்போனது. இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கல் அதிலிருந்து வருகிறது. கண்ணில் பட்டதை மட்டும் சொன்ன நம்ம ஊர்ப் பெயர் சரியாக நின்றுவிட்டது. படித்தவர்கள் வைத்த பெயர்தான் தப்பு.

உண்மையான சாக் என்பது கடல். கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் அடியில் படிந்து இறுகிய கல். கிரெட்டேசியஸ் காலம் என்கிற பெயரே லத்தீனில் சாக்கைக் குறிக்கும் ‘கிரெட்டா’விலிருந்து வந்தது. சேலத்துப் பாறைகளில் அந்தக் கதைக்கு வாய்ப்பே இல்லை. சங்ககிரியில் சிமென்டுக்கு வெட்டுவது சுண்ணாம்புக்கல்தான் என்றாலும், வெப்பமும் அழுத்தமும் அதைப் படிகமாக்கிவிட்டன. ஒரு சிப்பிகூடத் தேறாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூர் போக வேண்டும்.

இந்தியா தன் பழைய கூட்டாளிகளான அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்த பிறகு, கிழக்குக் கரையில் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, பலமுறை ஏறியும் இறங்கியும், டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக் கோட்டைத் தாண்டியும் அது அங்கே இருந்தது. இன்று பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களில் சோளமும் பருத்தியும் விளைகிற இடம் அப்போது கடலடி.

குகை தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆந்திராவின் போரா குகை மாதிரி இங்கே எதுவும் இல்லை. காரை கிராமத்தருகே மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய மடிப்புமடிப்பான செம்மண் நிலம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நண்பனோடு பைக்கில் போயிருந்தேன். மரமில்லை, நிழலில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “என்ன தம்பி, கல்லு பொறுக்கவா?” என்றார். துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல்லைக் காலால் புரட்டிக் காட்டினார். பெலம்னைட். கணவாய் மீனின் அழிந்துபோன உறவுக்காரனுடைய உடலுக்குள் இருந்த தண்டு. அவர் வெயிலைப் பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கற்களுக்கு எழுதப்பட்ட வரலாறு 1840-களில் தொடங்குகிறது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் விவரித்தார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்கே களப்பணி செய்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று அடுக்குகள்தான் இன்றைக்கும் அடிப்படை. உயிர்களுக்குப் பெயர் கொடுக்கும் பெருவேலையை மொராவியாவில் பிறந்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிக்ஸ்கா செய்தார். 1873 வரை தொகுதி தொகுதியாக எழுதியவர், அடுத்த ஆண்டே யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இமயத்தில் இறந்தார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது.

பெயர் வைப்பதில் அரசியல் இல்லாமல் இருக்குமா? 1953-ல் டால்மியாபுரம் ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி என்று பெயர் வைக்கச் சொல்லி தி.மு.க. போராடியதும், கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். இப்போது நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஆனால் அதே ஊர்ச் சுரங்கத்தில் தெரியும் பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல் அடுக்கைப் புவியியலாளர்கள் இன்றும் ‘டால்மியாபுரம் படிவம்’ என்றுதான் எழுதுகிறார்கள். தண்டவாளத்தில் ஜெயித்த பெயர், ஆய்விதழ்களுக்குள் இன்னும் போகவில்லை.

பெயராவது மிஞ்சுகிறது. பொருளே மிஞ்சாத கதையும் உண்டு. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைக் கண்டறிந்தார். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. கிருஷ்ணன் பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். வேலி போட்டு, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்ததால் இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் அவற்றை விவரித்து ‘புருகத்காயோசாரஸ் மேட்லி’ என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று அர்த்தம். கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றானது. அண்மைய மதிப்பீடுகள் சில, எடை 100 டன்னைத் தாண்டும் என்கின்றன. உண்மையென்றால் நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று.

‘உண்மையென்றால்’ என்று போட வேண்டியிருப்பதுதான் சோகம். ஏற்கெனவே உதிரும் நிலையில் இருந்த அந்த எலும்புகள் ஈரத்தில் நொறுங்கிப்போயின. 2017-ல்தான் அச்செய்தி ஆய்வுலகத்துக்கு அச்சில் வந்தது. மிஞ்சியவை சில கோட்டோவியங்கள். அதனால் சிலர், அது எலும்பே இல்லை, சாத்தனூர் மாதிரி கல்மரமாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் அய்யாசாமியும் சௌரப் பாலும் களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகு சந்தேகம் கொஞ்சம் தணிந்தது. பேக்கப் எடுக்காத சர்வர் விழுந்த பிறகு, யாரோ ஒருவருடைய பழைய லேப்டாப்பில் கிடைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்து டேட்டாபேஸ் இருந்ததை நிரூபிப்பது மாதிரி.

இதற்கு எதிர்முனையில் சிமென்ட் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பிகள். சிமென்டுக்காக வெட்டியதால்தான் பல அடுக்குகள் வெளியே தெரிந்தன. வெட்டுவதால்தான் அவை காணாமலும் போகின்றன. சுரங்கத்தை மூடு என்று சொல்கிற தகுதி எனக்கில்லை. நான் குடியிருக்கிற அபார்ட்மென்டின் தூண்களிலும் ஏதோ ஒரு கடல் அரைபட்டுக் கிடக்கிறது.

ஆனால் வேறு வழி இருப்பதற்குச் சான்று உண்டு. கல்லங்குறிச்சிக் கல் சேர்ந்த காலத்துக்கு மாஸ்ட்ரிக்டியன் என்று பெயர். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து வந்த பெயர் அது. அங்கேயும் சிமென்ட் சுரங்கம்தான். 1998-ல் அதில் மோசசாரஸ் வகைக் கடற்பல்லி ஒன்று தென்பட்டது. தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சுரங்கம் அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுத்தான் நின்றது. ஒரே காலத்துக் கல், ஒரே தொழில். வெடி வைப்பதற்கு முன்னால் பார்க்க ஒரு ஆள், கிடைத்ததை வைக்க ஈரம் ஏறாத ஒரு அறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் இன்று அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் போய்க்கொண்டிருந்த சிப்பிகள், அவை கிடைத்த மண்ணிலேயே தங்க ஒரு கூரை. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அடுத்த பெரிய எலும்பைக் காலால் புரட்டப்போவது எந்த ஊர்ப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்?