பார்பெக்யூ சாஸ் ஏன் கருகுகிறது?

அமெரிக்காவில் வீட்டிலேயே பார்பெக்யூ சாஸ் செய்கிறவர்கள் பலரும் முதலில் எடுப்பது கெட்சப் பாட்டிலைத்தான். அந்தக் கெட்சப்பே ஒரு காலத்தில் பெரிய தலைவலி!

1812-ல் பிலடெல்பியா மருத்துவர் ஜேம்ஸ் மீஸ் தக்காளி கெட்சப்புக்குச் செய்முறை எழுதினார். அதில் வினிகரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக் கெட்சப் சீக்கிரமே புளித்துப் பொங்கிவிடும். தொழிற்சாலைக்காரர்கள் சோடியம் பென்சோயேட் கலந்து சமாளித்தார்கள். அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி அதை விடாமல் எதிர்த்தார். 1906-ல் தூய உணவுச் சட்டமும் வந்தது. ஹைன்ஸ் நிறுவனம் நன்றாகப் பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை என்று வேறு வழி பிடித்தது. மற்றவர்களைவிட விலை அதிகம்தான். ஆனாலும் விற்றது (வியாபாரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்).

அந்தச் சர்க்கரைதான் இன்று வீட்டு அடுப்பில் வினை. சாஸை முதலிலேயே தடவினால், கறி உள்ளே வேகுமுன் மேலே கரியாகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுவதே சரி. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே சாஸ் என்றால் வினிகர், மிளகாய், உப்பு. தக்காளியே கிடையாது, ஆரம்பத்திலிருந்தே தாராளமாகத் தெளிக்கலாம்.