லிங்கன் மண்டபமும் தவிர்க்கப்பட்ட சொல்லும்

வாஷிங்டன் நகரிலுள்ள ஆபிரகாம் லிங்கன் நினைவு மண்டபத்தைப் படத்திலேனும் காணாத மாணவர் நம்மிடையே அரியர். பொட்டோமக் ஆற்றோரத்துச் சதுப்பு நிலத்தை நிரப்பி எழுப்பப்பட்ட அவ்வெண்கற் கட்டடம், அடிமைகளை விடுவித்தவருக்கு ஒரு தேசம் செலுத்திய நன்றிக்கடன் என்றே பலரும் எண்ணுவர். கட்டுவித்தோரின் எண்ணமும் அதுதானா என்பதே நமது வினா.

1911 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் அன்றைய ஜனாதிபதி டாஃப்ட். கட்டடக் கலைஞர் ஹென்றி பேக்கன் பண்டைக் கிரேக்கத்தை நாடினார். சனநாயகத்தைக் காத்தவருக்குரிய மண்டபம் சனநாயகம் பிறந்த நாட்டின் பாணியிலேயே அமைதல் வேண்டும் என்பது அவர் வாதம். ஏதென்சின் சனநாயகம் அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது என்பதை அவர் மறந்தாரோ, அன்றிப் பொருட்படுத்தவில்லையோ! கிரேக்கக் கோயிலின் வாயில் குறுகிய பக்கத்தில் இருப்பது வழக்கம். பேக்கன் அதனை நீண்ட பக்கத்துக்கு மாற்றினார். சுற்றிலும் 36 டொரிக் தூண்களை நிறுத்தினார். லிங்கன் கொல்லப்பட்ட 1865 இல் ஒன்றியத்திலிருந்த மாநிலங்களின் தொகை அது. பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களும் அத்தொகையில் அடக்கம்.

கற்களிலும் இதே கணக்கைக் காணலாம். வெளிச்சுவருக்குக் கொலராடோவின் சலவைக்கல். உட்சுவருக்கு இண்டியானாவின் சுண்ணக்கல். தளத்துக்குத் தெனிசியின் இளஞ்சிவப்புக்கல். கூரைக்கு அலபாமாவின் சலவைக்கல். சிலையோ ஜோர்ஜியாவின் வெண்கல். தம்மை எதிர்த்துப் போரிட்ட மாநிலத்தின் கல்லிலேதான் லிங்கன் அமர்ந்திருக்கிறார். சிற்பி டானியல் செஸ்டர் பிரெஞ்ச் முதலில் பத்தடியில் எண்ணிய உருவம், மண்டபத்தின் விரிவில் சிறுத்துத் தோன்றும் எனக் கண்டு 19 அடியாக உயர்த்தினார். 28 கற்பாளங்களில் அதனைச் செதுக்கிய கைகள் இத்தாலியிலிருந்து குடியேறிய பிச்சிரில்லி சகோதரர்களுடையவை. அவர்களை அறிந்தோர் எத்தனை பேர்?

சிலைக்கு மேலுள்ள வாசகத்தை எழுதியவர் கலை விமர்சகர் றோயல் கோர்ட்டிசோஸ். ஒன்றியத்தைக் காத்தவர் என்று அது லிங்கனைப் போற்றும். அடிமைமுறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இது தற்செயலன்று. அச்சொல்லைத் தவிர்த்தால் பழைய புண் கிளறப்படாது என அவரே பேக்கனுக்கு எழுதியிருந்தார். ஆயின் லிங்கனின் வாயை எவ்வாறு மூடுவது? வடசுவரிற் பொறிக்கப்பட்ட அவரது இரண்டாவது பதவியேற்புரை, போருக்குக் காரணம் அடிமைமுறையே என்று ஒளியாமல் உரைக்கிறது.

திறப்பு விழா 1922 மே 30 இல் நிகழ்ந்தது. பிரதம நீதியரசராகிவிட்டிருந்த டாஃப்ட் தலைமை வகித்தார். ஜனாதிபதி ஹார்டிங் மண்டபத்தை ஏற்றுக்கொண்டார். கறுப்பின மக்களின் சார்பில் உரையாற்ற அழைக்கப்பட்டவர் டஸ்கீகிக் கல்வி நிலையத்தின் தலைவர் றொபேட் மோட்டன். சமத்துவம் வாழ்க்கையில் மெய்யாகாதவரை இம்மண்டபம் பொய்வேடமே என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருந்தார். உரையை முற்கூட்டியே வாங்கிப் பார்த்த ஆணைக்குழு அப்பகுதியை நீக்கச் சொல்லிற்று. அவரும் நீக்கிவிட்டே பேசினார். இன்று அவரைக் குறைகூறுவது நமக்கு எளிது. கீழேயோ, கறுப்பின விருந்தினருக்கு வேறாக இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வவமதிப்பைப் பொறாத சிலர் எழுந்து வெளியேறினர்.

1939 இல் பாடகி மரியன் அண்டர்சன் கறுப்பினத்தவர் என்பதற்காக, அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் சங்கம் தனது வாஷிங்டன் அரங்கை அவருக்கு மறுத்தது. ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறன்று, அவர் இம்மண்டபத்தின் படிகளில் நின்று பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் நிறவேறுபாடின்றிக் கலந்து நின்று கேட்டனர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் பிரித்து இருத்தப்பட்ட அதே திறந்தவெளி!

1963 ஆகஸ்ட் 28 இல், தொழிலும் சுதந்திரமும் கோரி ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் அங்கு திரண்டனர். அப்பேரணியை முன்னின்று நடத்தியவர், புகையிரதப் பணியாளரின் சங்கத்தை வளர்த்த தொழிற்சங்கவாதி பிலிப் றாண்டோல்ப். அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய கற்படியில் 2003 இல் அவருடைய பெயரைப் பொறித்தனர்.