உறையாத குருதி

குருதி, நாளத்தின் உட்சுவரைவிட்டு நீங்கி வேறொரு பரப்பைத் தொட்டவுடன் உறையத் தொடங்கும். ஆகவே, உடலுக்கு வெளியே குழாயில் குருதியை ஓடவிட்டு உயிர்காக்கும் கருவிகளின் வரலாற்றை உறைவுத்தடுப்பு மருந்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1916இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் வில்லியம் ஹவலின் ஆய்வகத்திலிருந்த ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், உறைவைத் தூண்டும் பொருளைத் தேடப் போய் அதற்கு நேர்மாறானதைக் கண்டார். ஈரலிலிருந்து பிரித்த சாற்றைப் பூனைக் குருதி நிறைந்த சிறு குவளையில் கலந்து, உறைந்ததும் சொல்லுமாறு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டதாகவும், அது கடைசிவரை உறையவே இல்லை என்றும் அவரே பிற்காலத்தில் எழுதினார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஹவல் 1918இல் சூட்டிய பெயரே ஹெப்பாரின்.

1930களில் டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட் குழுவினர் ஹெப்பாரினைத் தூய்மைப்படுத்திய பின்னரே, 1953இல் ஜான் கிப்பனின் இதய நுரையீரல் பொறி அறுவை அரங்கில் வெற்றி காண முடிந்தது. 1975இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட், குருதியை வெளியே எடுத்துச் சவ்வின் வழியே ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ முறையால் ஒரு பச்சிளங்குழந்தையைப் பிழைக்க வைத்தார்.

எனினும், கருவில் 34 வாரம் நிறையாத, 2 கிலோ எடையை எட்டாத சிசுக்களுக்கு இம்முறை பெரும்பாலும் மறுக்கப்பட்டே வந்துள்ளது. அவர்களின் மூளை அறைகளை ஒட்டி, பேறுகாலம் நெருங்கும்போது மறைந்துவிடும் மெல்லிய நாளப் பின்னல் ஒன்று உண்டு. குழாயில் குருதிக்கட்டியைத் தடுக்கும் மருந்தே அங்கே கசிவைப் பெருக்கிவிடும். மேலும், ஹெப்பாரின் தானாக இயங்காமல் ஆன்டித்ராம்பின் என்னும் குருதிப் புரதத்தைத் துணைகொண்டே இயங்குவதாலும், அப்புரதம் குறைமாதச் சிசுவிடம் குறைவாகவே இருப்பதாலும், மருந்தின் அளவை நிர்ணயிப்பதும் கடினம்.

ஆகவே ஆய்வாளரின் கவனம் குருதியிலிருந்து குழாய்க்குத் திரும்பியது. உயிருள்ள நாளச்சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் கசியவிட்டுத் தட்டணுக்கள் ஒட்டாமல் காப்பதைப் போலவே, அவ்வாயுவை வெளியிடும் பூச்சுகள் மிச்சிகனில் சோதிக்கப்பட்டன. இது சரியான திசையென்றே தோன்றுகிறது. ஆனால் மருந்தை முற்றிலும் விடுவது எளிதல்ல: 2017இல் பிலடெல்ஃபியாவின் ஆய்வுக் குழுவினர் திரவம் நிரம்பிய பைக்குள், தொப்புள்கொடி வழியே, பம்பு இல்லாமல் இதயத்துடிப்பின் விசையைக்கொண்டே குருதியை ஓட்டி ஆட்டுக் கருக்களை நான்கு வாரம்வரை வளர்த்தனர்; அங்கும் ஹெப்பாரினைக் கைவிட இயலவில்லை. அக்கருக்களில் மூளைக் கசிவு காணப்படவில்லை என்பதை மனிதச் சிசுவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. ஏனெனில் அந்தப் பருவத்தில் ஆட்டின் மூளை, மனிதச் சிசுவின் மூளையைவிட முதிர்ந்தது.