மரங்களை எண்ணக் கற்ற கல்வி

காட்டை அழிப்பதற்குக் கோடரி போதும்; அதனைப் பேணி ஆளுவதற்கோ கல்வி வேண்டும். இவ்வுண்மையை மேனாட்டார்க்கு உணர்த்தியது மரப் பஞ்சமே. ஜேர்மனியின் சக்சனி நாட்டிலே வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரமும் கரியும் இடையறாது வேண்டியிருந்தன. அதனால் காடுகள் அருகின. அந்நாட்டுச் சுரங்க அதிகாரியான ஹான்ஸ் கார்ள் வொன் கார்லோவிட்ஸ் 1713ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். வளர்வதற்கு மிஞ்சி வெட்டலாகாது என்பதே அதன் சாரம். ஆயின், எவ்வளவு வளர்கின்றது என அறிவது எங்ஙனம்? அக்கணக்கைக் கற்பிக்கும் பொருட்டு, ஹைன்றிச் கொட்டா 1811இல் தாரான்ட் என்னும் ஊரிலே வனக் கல்வி நிலையம் அமைத்தார்.

இக்கல்வி ஆசியாவிலே வேரூன்றியது தேக்கின் பொருட்டாகும். ஜேர்மனியத் தாவரவியலறிஞர் டீட்றிச் பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் பெகு தேக்கங்காடுகளைப் பொறுப்பேற்றார். யானைமீது அமர்ந்து காட்டினூடே சென்று, எதிர்ப்பட்ட தேக்கு மரங்களைப் பருமன் வாரியாக வகுத்து, மூங்கிற் குச்சிகளிலே கத்தியால் வெட்டுக் குறியிட்டு எண்ணினார். ஆண்டுதோறும் எத்தனை மரம் வெட்டலாம் என்பதை அக்கணக்கைக் கொண்டே வரையறுத்தார். காட்டிலே பயிரிட்டு வாழ்ந்த கரென் மக்களைக் கொண்டு, பயிரோடு தேக்கங் கன்றுகளையும் நடுவித்தார். 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானார். 1878இல் டேராடூனிலே வனப் பாடசாலை எழுந்தது.

அதே ஆண்டிலே இந்திய வனச் சட்டமும் வந்தது. விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் வாழ்ந்த மக்களின் வழிவந்த உரிமைகள், அரசு அளிக்கும் சலுகைகளாகச் சுருங்கின. ஊர்களுக்கெனத் தனிக்காடுகள் வேண்டுமெனப் பிராண்டிஸ் வற்புறுத்தியும் பெரும்பயன் விளையவில்லை. மரங்களை எண்ணிய கல்வி மனிதரை எண்ண மறந்தது. வனவாழ் மக்களின் உரிமைகளை ஏற்கும் சட்டம் இந்தியாவில் 2006இலேயே நிறைவேறியது.

இலங்கையிலும் 1885இல் வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இன்று நுவரெலியாவிலுள்ள வனவியல் நிறுவகம் இத்துறையிற் பயிற்சி அளிக்கின்றது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே வனவியலுக்கெனத் துறையொன்று உண்டு. கற்றோர் வன உத்தியோகத்தராகலாம், செய்மதிப் படங்களைக் கொண்டு காட்டை அளக்கலாம், நீரேந்து பிரதேசங்களைக் காக்கலாம், ஆராய்ச்சியில் ஈடுபடலாம். மூங்கிற் குச்சியின் இடத்தைச் செய்மதி பெற்றுள்ள போதிலும், காடு எவ்வளவு வளர்கின்றது என்னும் பழைய வினா மாறவில்லை. அக்காட்டை நம்பி எவர் வாழ்கின்றனர் என்னும் வினாவையும் அதனோடு சேர்த்துக் கேட்பது, இக்கல்வியை நாடும் இளைஞரின் கடனாகும்.