காமன்ஸ் சபையில் ஒரு மருத்துவர்: தாமஸ் வேக்லி

1823 அக்டோபரில் லண்டனில் தோன்றிய 'லான்செட்' என்னும் மருத்துவ வார ஏட்டின் ஆசிரியர் என்றே தாமஸ் வேக்லியைப் பலரும் அறிவர். டெவன் நாட்டுப்புறத்து விவசாயி ஒருவரின் மகனாக 1795இல் பிறந்த அவர், 1835 முதல் 1852 வரை பதினேழு ஆண்டுகள் காமன்ஸ் சபையில் அமர்ந்து ஆற்றிய தொண்டு, அவ்வேட்டின் புகழில் மறைந்து போயிற்று. அத்தொண்டை இங்கு சற்று நோக்குவோம்.

ஃபின்ஸ்பரி தொகுதியில் இருமுறை தோற்று, மூன்றாம் முறையே வென்றார். சபையில் அவர் ஆற்றிய முதற்பேருரை, 1835 ஜூன் 25 அன்று, டால்புடில் தொழிலாளரைப் பற்றியது. டார்செட் பகுதியின் அச்சிற்றூரில் வாரக்கூலி ஏழு ஷில்லிங்காகக் குறைந்து, ஆறாகும் என்ற அச்சமும் எழுந்தபோது, பண்ணையாட்கள் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைப்பது அன்று குற்றமன்று. ஆகவே, கடற்படைக் கலகத்தை ஒடுக்குவதற்கென 1797இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தேடியெடுத்து, இரகசிய ஆணையிட்டனர் என்று கூறி, 1834 மார்ச்சில் அறுவரை ஏழாண்டு நாடு கடத்தினர். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ், மெதடிஸ்து சபையின் பிரசங்கியார். அறுவருள் ஐவர் அச்சபையினரே என்பதை நமது சபை வரலாற்று வகுப்புகளில் அழுத்திக் கூறுவது நலம்.

வேக்லி இரண்டு மணி நேரத்திற்கு மேல் பேசினார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் 82 பேர். எதிராக 308 பேர். எனினும் கிளர்ச்சி ஓயவில்லை. 1836 மார்ச்சில் அறுவருக்கும் முழு மன்னிப்பு அளிக்கப்பட்டது.

அவரது அரசியல் வாழ்வு முழுவதிலும் இப்போக்கையே காண்கிறோம். வாக்குரிமையை விரிவாக்க வேண்டுமென்று 1837இல் அவர் கொண்டுவந்த திருத்தத்திற்கு இருபது பேரே ஆதரவளித்தனர். கொள்கையை மட்டும் ஏந்தி வந்தபோது சபை அவருக்குச் செவிகொடுக்கவில்லை. சான்றுகளோடு வந்தபோதோ அதனால் அவரைத் தள்ளிவிட இயலவில்லை. 1845 ஆகஸ்டில், ஆண்டோவரில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய இல்லத்தில், உரத்திற்காக எலும்பு நொறுக்கும் பணியிலிருந்தோர் பசியால் அவ்வெலும்புகளையே கடித்துத் தின்ற செய்தியைச் சபையில் எழுப்பினார். விசாரணை நடந்தது; 1847இல் ஏழையர் சட்ட ஆணைக்குழுவே கலைக்கப்பட்டது.

இதனினும் குறிப்பிடத்தக்கது 1846ஆம் ஆண்டு நிகழ்ச்சி. 1839 முதல் அவர் மேற்கு மிடில்செக்ஸின் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தார். ஹவுன்ஸ்லோ படைமுகாமில் ஃபிரடெரிக் ஒயிட் என்னும் குதிரைப்படை வீரர் 150 சவுக்கடி பெற்று, நான்கு வாரங்களுக்குள் இறந்தார். உள்ளுறுப்பின் அழற்சியே காரணம், அடிகளுக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்றனர் படை மருத்துவர்கள். வேக்லி அதனை ஏற்கவில்லை. எராஸ்மஸ் வில்சன் என்னும் நிபுணரைக் கொண்டு உடலை மீண்டும் ஆராயச் செய்தார். முதுகுத்தோலின் கீழுள்ள தசைகளிலும் கேடு காணப்பட்டது. சவுக்கடியே இறப்புக்குக் காரணம் என்று ஜூரர்கள் தீர்ப்பளித்தனர். சில வாரங்களில் இராணுவத் தண்டனை ஐம்பது அடிகளாகக் குறைக்கப்பட்டது. சட்டமியற்றும் மன்றத்தில் நெடுநாள் வாதிட்டும் கிட்டாதது, ஒரு சடலத்தின் முன் நின்று பொறுமையாய் வினவியதால் கிட்டியது என்று கூறின் மிகையாகாது.

வேக்லியிடம் குறைகளும் இருந்தன. அவருடைய நாவும் எழுதுகோலும் மிகக் கடுமையானவை. அவதூறு வழக்குகள் அவரைத் தொடர்ந்தன. ஏடு, நீதி, அரசியல் ஆகிய முப்பணியும் அவரது உடலைத் தளர்த்தின. தகுதி பெற்ற மருத்துவர்களைப் பதிவு செய்யும் மசோதாவை அவர் சபையில் கொண்டுவந்தும் அது நிறைவேறவில்லை. 1852இல் அவர் சபையை விட்டு விலகினார். பதிவுக்கு வழி செய்த மருத்துவச் சட்டம் 1858இல் வந்தபோது, அவர் சபையில் இல்லை. 1862 மே மாதம் மதேரா தீவில் காலமானார். இராணுவத்தில் சவுக்கடி முற்றிலும் ஒழிந்தது 1881இல்தான்.